மாரனுக்கு முதல் இலை

மனநல மருத்துவர் அறவாழி தமது ஐம்பத்தெட்டாம் வயதில் சீடரானார். குருவுக்கு வயது முப்பத்திரண்டு. பெயர் நஞ்சி. படிப்பு எட்டாம் வகுப்பு. நாவல்கொம்பை என்ற மலையூருக்கு அவள்தான் சுகாதாரத் தொண்டர்.

எல்லா மலையூர்களின் கதையும்தான் நாவல்கொம்பையின் கதை. காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, காட்டில் இருந்தவர்களை ஓரமாய் ஒதுக்கினார்கள். ஒதுக்கியவர்கள் வாடிப்போனதும், அவர்களைக் காப்பாற்ற ஒரு ஜீப்பை அனுப்பினார்கள். அதில் வந்தவர் அறவாழி. நல்ல மனிதர். கெட்டவர்களை யாரும் மலையேற்றுவதில்லை; அவர்களுக்குக் கீழேயே பதவி இருக்கிறது.

வியாழக்கிழமைதோறும் பலாமரத்தடியில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போடப்படும். ஒன்றில் டாக்டர். பக்கத்தில் பதிவேட்டோடு நின்றபடி நர்ஸ் லூர்து சிஸ்டர். எதிர் நாற்காலியின் நுனியில், விழுந்துவிடுவோமோ என்பதுபோல ஊர்க்காரர் ஒருவர். அறவாழி கையிலிருந்த தாளைப் பார்த்துப் பத்தொன்பது கேள்வி கேட்பார். நஞ்சி தங்கள் பாஷையில் மாற்றிச் சொல்வாள். பத்தொன்பதுக்கும் ஒரே பதில்தான் வரும்: நல்லா இருக்கோம்.

நடுவில் தேநீர் வரும். முதல் டம்ளர் எப்போதும் டாக்டருக்கு. இந்த ஜனங்களுக்கு மரியாதை தெரிகிறது என்று அவர் சிஸ்டரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

மூன்று மாதம் கழித்து அறிக்கை எழுதினார். நாவல்கொம்பையில் ஒரே ஒரு ஆளைத் தவிர மனநோய் எவருக்கும் இல்லை. எழுதியதை அவரே நம்பவில்லை. ஒன்றுமில்லாத ஊரில் இத்தனை பேர் பட்டப்பகலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்க மாட்டார்கள்.

அந்த வாரம் நஞ்சியிடம் கேட்டார். "ஏம்மா, உங்க ஆளுங்க ஏன் என்கிட்ட வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க?"

"அந்தத் தாளைக் குடுங்க சார்."

கொடுத்தார். அவரை எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அவருடைய நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். லூர்து சிஸ்டரும் ஜீப் டிரைவரும் ஒரு நாயும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் குடும்பத்தில் புத்தி பேதலித்தவர் உண்டா என்று முதல் கேள்வி. அறவாழிக்கு ஒரு சித்தி இருந்தாள். இல்லை என்றார். நஞ்சி நிறைய எழுதினாள். என்ன எழுதுகிறாய் என்று எட்டிப் பார்த்தார். அதை நோயாளி பார்க்கக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று தாளைக் கையால் மறைத்துக்கொண்டாள். இரண்டாவது கேள்வி குடியைப் பற்றி. மூன்றாவது, மனைவியோடு எப்படி இருக்கிறீர்கள், வாரத்தில் எத்தனை நாள். டிரைவர் போய் டயரைத் தட்டிப் பார்த்தார்.

டாக்டர் எழுந்துவிட்டார்.

"இன்னும் பதினாறு இருக்கு சார்," என்றாள் நஞ்சி.

அன்றைக்கு ஜீப்பில் ஏறுவதற்கு முன் அறவாழி தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா?

வியாழக்கிழமை மட்டும் வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தன்னிடம் ஒன்றுமில்லை என்று அவள் சொல்லிவிட்டாள்.

அவர் புதன்கிழமையும் வரத் தொடங்கினார். அதற்கு ஜீப் கிடையாது. அடிவாரம் வரை பேருந்து, பிறகு இரண்டு மணி நேர நடை. வந்தவரிடம் ஒரு முறம் அவரைக்காய் கொடுத்து உரிக்கச் சொன்னாள். அடுத்த வாரமும் அவரைக்காய். பாடம் எப்போது என்று அவர் கேட்கவில்லை. கேள்வி கேட்டதில் பட்டது போதும் என்றிருந்தது. யாரும் அவரிடம் எதுவும் பேசவில்லை. ஆனால் தேநீர் வந்ததும் முதல் டம்ளரை அவருக்குத்தான் நீட்டினார்கள். நோய் சொல்லாவிட்டாலும் மரியாதைக்குக் குறைவில்லை என்று நஞ்சியிடம் சொன்னார்.

"வெளியாளுக்கு முதல்ல குடுத்துடுவோம் சார். குடிச்சா கிளம்புவாங்க இல்ல?"

தலையெண்ண வருகிறவருக்கும், ஓட்டுக் கேட்க வருகிறவருக்கும், போட்டோ எடுக்க வருகிறவருக்கும் அதே முதல் டம்ளர்தானாம். அறவாழி கையிலிருந்ததைக் குடிப்பதா கீழே வைப்பதா என்று தெரியாமல் ஆறவிட்டார்.

இனி அந்த ஒரே ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவன் பெயர் பெள்ளன். வயது நாற்பது. மலைத்தேன் எடுக்கிறவன். அவனும் அவன் அண்ணன் மாரனும் இருபது வருடமாகச் செங்குத்துப் பாறையில் இறங்கித் தேன் எடுத்தார்கள். போன மழைக்காலத்தில் மாரன் காய்ச்சலில் செத்துப்போனான். பத்தொன்பது கேள்விக்கும் நல்லா இருக்கோம் என்று சொல்லத் தெரியாதவன் பெள்ளன் ஒருவன்தான். பதினோராவது கேள்வி, இல்லாதவர்களின் குரல் கேட்கிறதா. கேட்கிறது என்றான். தினம் விடியலில் அண்ணன் வாசலுக்கு வருகிறான், தேனீ எந்தப் பாறையில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்கிறான், இவனும் பதில் சொல்கிறான், களியில் ஒரு கவளம் எடுத்து இலையில் வைக்கிறான். சிஸ்டர் பதிவேட்டில் குறி போட்டாள். டாக்டர் மாத்திரை எழுதினார்.

இரண்டு மாதத்தில் குரல் நின்றுவிட்டது. கூடவே பெள்ளனின் கை நடுங்கத் தொடங்கியது. அப்புறம் பேச்சு நின்றது. அப்புறம் சாப்பாடும் குறைந்தது. அறவாழி, கீழே பெரிய ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்க்கும்படி ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டார். படுக்கை காலியில்லை, எட்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை வண்டி வரும் என்று பதில் வந்தது.

இதைக் கேட்டதும் ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. பத்து வருடத்துக்கு முன் அப்படித்தான் ஒருவனை வண்டியில் ஏற்றிப் போனார்கள். அவனுடைய சட்டை மட்டும் திரும்பி வந்தது. வண்டிச் சத்தம் கேட்டால் தன் புருஷன் காட்டுக்குள் போய்விடுவான், பிறகு யார் தேடினாலும் கிடைக்க மாட்டான் என்று பெள்ளனின் மனைவி சிக்கி நஞ்சியிடம் சொல்லி அழுதாள்.

அந்தப் புதன்கிழமை அவரைக்காய்க்கு நடுவே நஞ்சி இதை எடுத்தாள். அறவாழி பொறுமையாக விளக்கினார். குரல் நின்றது நல்ல முன்னேற்றம். மீதியை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள்.

"உங்க மக எங்க இருக்கா சார்?"

"கனடாவில."

"பேசுவாளா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம."

"ஒரு மாத்திரையைப் போட்டதும் அந்தப் பேச்சு நின்னுபோச்சுன்னா, முன்னேற்றம்னு எழுதுவீங்களா?"

"அது வேற நஞ்சி. அவ உயிரோட இருக்கா."

"சரி சார்," என்று அவள் அடுத்த காயை எடுத்தாள்.

அந்தச் சரி அவரோடு மலை இறங்கி, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வீடு வரைக்கும் வந்தது.

அடுத்த வாரம் அவரே ஆரம்பித்தார். மாத்திரையே வேண்டாம் என்கிறீர்களா?

"நானா சொன்னேன்? ரங்கியோட வலிப்புக்கு உங்க மாத்திரையை தினம் காலைல நான்தான் போய்க் குடுக்கறேன். ஒரு நாள் தவறினதில்ல. அவ இப்ப அடுப்புகிட்ட பயமில்லாம உட்காருறா."

"அப்ப பெள்ளனுக்கு?"

"பெள்ளனுக்கு என்ன நோவுன்னு நீங்க இன்னும் கேக்கலையே."

"பத்தொன்பது கேள்வி கேட்டேனே."

"அது தாள் கேட்டது."

அறவாழி முறத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பெள்ளனின் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். அன்றும் உட்கார்ந்தார், அடுத்த நாளும் உட்கார்ந்தார். மேசை ஜீப்பிலேயே கிடந்தது. சிக்கி முதல் டம்ளர் தேநீரைக் கொடுத்தாள். குடித்தார், கிளம்பவில்லை. இரண்டாம் வாரம் சிக்கியின் அண்ணன் காளன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். காளன் நஞ்சியின் கணவனும்கூட. ஆறடி உயரம், அளந்த பேச்சு. அவன் சொன்னதை அறவாழி இடையில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்.

தேன் எடுக்கிறவன் செத்தால், அவன் இறங்கிய பாறையிலிருந்து அடுத்த பருவத்தின் முதல் தேனை அவனுக்கு வைக்க வேண்டும். கூடப் பிறந்தவன் இறங்கி எடுக்க வேண்டும். அது வரைக்கும் செத்தவன் வாசலில்தான் நிற்பான். வந்து பேசுவான். பேச வேண்டும். தேன் வாங்கிக்கொண்ட பிறகு முன்னோர்களோடு போய் உட்காருவான். அப்புறம் எப்போதாவது வருவான். இப்போது மாரன் வாசலில் நிற்கிறான். அவன் கூப்பிடுவது தம்பிக்குக் கேட்கவில்லை. கூப்பிடுவான், கேட்காது என்பது தம்பிக்குத் தெரியும். அந்த மனுசன் எப்படிச் சாப்பிடுவான்?

பாறைக்குப் போக இரண்டு தடை இருந்தது. பாறைக்குப் போகும் வழியை வன அலுவலகத்தார் போன வருடம் அடைத்து, அனுமதிச் சீட்டில்லாமல் போகக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். பெள்ளனின் கையை அறவாழி மாத்திரையால் அடைத்து வைத்திருந்தார்.

முதலில் தம்முடையதை எடுத்தார். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்று பெள்ளனுக்கும் சிக்கிக்கும் சொல்லி, ஒவ்வொரு வாரமும் பார்த்துப் பார்த்துப் படிப்படியாகக் குறைத்தார். பிறகு சீட்டு வாங்கப் போனார். மூன்று நாள் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான்காம் நாள் உள்ளே கூப்பிட்டு, உட்காரச் சொல்லாமல், ஒரு தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். அறவாழி எண்ணினார். பத்தொன்பதுக்கு மேலேயே இருந்தது. சீட்டு கிடைத்த கதையை நஞ்சியிடம் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நின்னுக்கிட்டா பதில் சொன்னீங்க என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தாள்.

பெள்ளன் கொடி அறுத்து வந்து கயிறு முறுக்க உட்கார்ந்தான். முதல் நாள் ஒரு முழம்கூட ஏறவில்லை. முறுக்கினது கையை விட்டுப் பிரிந்து பிரிந்து போனது. காளன் அவனுக்கு விளிம்பு தொட ஊற்றிய தேநீரைக் கொடுத்து, டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பான். சிந்தினால் எழுந்து போய்விடுவான். நோயாளியின் விரல்மேல் காகிதம் வைத்து நடுக்கம் பார்ப்பது அறவாழிக்கு வழக்கம். அவர் அந்த டம்ளரைக் கூர்ந்து பார்த்தார், தாளை எடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் பெள்ளன் சிந்தாமல் குடித்தான். காளன் எழுந்து போகவில்லை.

நஞ்சி வீட்டுத் திண்ணையில் அறவாழி தங்கியிருந்த ஒரு விடியலில் சிக்கி ஓடி வந்தாள். அவன் வாசலில் யாருக்கோ பதில் சொல்கிறான் என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அறவாழி மட்டும் மனசுக்குள் மாத்திரைக் கணக்கைப் போட்டார். படித்த படிப்பு எளிதில் விடாது.

அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. நகரத்தில் தேடி, மலையேறுகிறவர்கள் வாங்கும் நைலான் கயிறு ஒன்றை வாங்கி வந்தார். இரண்டாயிரம் கிலோ தாங்கும் என்று நஞ்சியிடம் காட்டினார்.

"அந்தக் கொடிக்கயிறு தாங்குமா?"

"என்னைக் கேட்டா? தொங்கப் போறவனைக் கேளுங்க சார்."

அது அவருக்குத் தோன்றவே இல்லை. கூச்சத்தோடு போய்ப் பெள்ளனிடம் கேட்டார். பெள்ளன் நைலான் கயிற்றை மோந்து பார்த்தான், இழுத்துப் பார்த்தான், யார் முறுக்கியது என்று கேட்டான். மெஷின் என்றார் அறவாழி. நல்ல கயிறுதான் என்று மரியாதையாகச் சொல்லி, சுருட்டி சிக்கியிடம் கொடுத்தான். அன்று சாயங்காலமே அதில் துணி காய்ந்தது.

சரி, நானும் உங்களோடு மேலே வந்து கொடிக்கயிற்றைப் பிடிக்கிறேன், ஒரு கைக்கு இன்னொரு கை என்றார் காளனிடம். காளன் சிரித்தான்.

"டாக்டர், இவனுக்கு நீங்க தங்கச்சியைக் கட்டிக் குடுத்திருக்கீங்களா?"

அந்த ஊரில் கயிறு பிடிக்கிறவன் மனைவியின் அண்ணனோ தம்பியோதான். சொந்த அண்ணனுக்குக்கூடக் கயிற்றைக் கொடுப்பதில்லை. கயிறு நழுவினால் யாருடைய தங்கை தாலி இழப்பாளோ, அவன் கையில்தான் கயிறு. அறவாழி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அவருக்கு வேறு வேலை கொடுத்தார்கள். புகை போடப் பச்சை இலை சுமப்பது.

வண்டி வர வேண்டிய வியாழனுக்கு முந்தின நாள், புதன்கிழமை காலையில், பனி விலகும் நேரத்தில் பெள்ளன் பாறையில் இறங்கினான். மேலே காளன், கயிற்றை ஒரு மரத்தில் சுற்றி இடுப்பிலும் சுற்றியிருந்தான். முந்தின இரவே மலையேறி வந்திருந்த அறவாழி, இலைச்சுமையை இறக்கிவிட்டு எதிர்ச்சரிவில் நஞ்சியோடு உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து பார்க்க, பெள்ளன் பாறையில் ஒட்டிய ஒரு காய்ந்த இலைபோலத் தெரிந்தான். புகை எழுந்தது. கறுப்புப் போர்வையை உதறினதுபோலத் தேனீக்கள் கிளம்பின. பெள்ளன் பாடினான். தேனீக்களிடம் மன்னிப்புக் கேட்கும் பாட்டு என்றாள் நஞ்சி.

பிறகு பாட்டு நின்று பேச்சுக் கேட்டது. இத்தனை மாதத்தில் அவர்கள் பாஷை அறவாழிக்குக் கொஞ்சம் பிடிபட்டிருந்தது.

"இந்தப் பக்கமா அண்ணா? சரி, சரி. திட்டாத. எனக்கும் கண்ணு இருக்கு."

பழக்கதோஷம், அறவாழியின் கை சட்டைப்பையில் இருந்த பேனாவுக்குப் போனது. நஞ்சி திரும்பிப் பார்த்தாள். அவர் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

உச்சிவேளைக்குள் பெள்ளன் மேலே வந்துவிட்டான். முகத்தில் நாலு கொட்டு. ஊர் முழுக்கப் பாறைக்குக் கீழே சமதரையில் கூடியிருந்தது. அவனே தேக்கிலையில் தேனடையை வைத்துப் பங்கிட்டான். முதல் இலை மாரனுக்கு, பாறை இடுக்கில். இரண்டாவது இலை, கயிறு பிடித்த காளனுக்கு. பிறகு சிக்கிக்கு, மற்றப் பெண்களுக்கு, குழந்தைகளுக்கு, அக்கம்பக்கத்தாருக்கு. ஒவ்வொரு இலையாகத் தம்மைக் கடந்து போவதை அறவாழி பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் கொடுத்து முடித்துக் கடைசி இலையைப் பெள்ளன் அவரிடம் கொண்டுவந்தான். தேன் கொஞ்சம், மெழுகு நிறைய.

"நல்லா மென்னு துப்பணும் டாக்டர். முழுங்கிடாதீங்க."

அவர் மென்றார். பெள்ளன் எதிரில் குந்தி உட்கார்ந்தான். பாறை இடுக்குப் பக்கம் காதைச் சாய்த்து, தலையாட்டி, திரும்பினான்.

"நாளைக்கும் வருவீங்களான்னு அண்ணன் கேக்கறான்."

வாய் நிறைய மெழுகு. அறவாழி அதை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"வருவேன்னு சொல்லுங்க," என்றார்.

மறுநாள் வியாழன். ஜீப்புக்குப் பின்னால் ஆஸ்பத்திரி வண்டியும் வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் இறங்கி, ஆள் எங்கே என்றார்கள். பெள்ளன் காட்டுக்குள் ஓடவில்லை. பலாமரத்தடியில் காளனோடு உட்கார்ந்து பழைய கயிற்றின் நுனியைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஆனால் காளன் ஒரு கையை அவன் இடுப்பைச் சுற்றிப் போட்டிருந்தான்.

வண்டியைத் திருப்பி அனுப்ப ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அறவாழி ஜீப்பின் முகப்பில் தாளை வைத்துக்கொண்டு நின்றபடியே எழுதினார். சாப்பிடுகிறாரா. ஆம். தொழில் செய்கிறாரா. ஆம். கடைசியில் ஒரு வரி இருந்தது: நோயாளி தற்போது யார் யாருடன் பேசுகிறார்?

அவர் பலாமரத்தடியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுதினார்: அண்ணன் மாரனுடன். மச்சான் காளனுடன். என்னுடன்.

அதற்கு அடியில், ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தேவையில்லை, இங்கேயே பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

லூர்து சிஸ்டர் படித்துப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அந்த அண்ணன் இறந்துவிட்டாரே சார், பெரிய டாக்டர் கேட்டால் என்ன சொல்வது? கேட்டால் தாமே வந்து சொல்லிக்கொள்வதாக அறவாழி பதில் சொன்னார். சொல்லிவிட்டுத் தாளை நஞ்சியிடம் நீட்டினார்.

"தப்பு இருந்தா சொல்லுங்க."

நஞ்சி விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். கடைசி வரியை இரண்டு தரம் படித்தாள். தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வரிசை சரியா இருக்கு சார்," என்றாள்.